மூன்று கதவுகள் வேண்டாம், ஒன்று போதும்

ரொறன்ரோ நகரில் இயங்கும் சமூகக் காணி அறக்கட்டளைகளின் இயக்குநர் சபையினருக்கு,

வணக்கம். காணியையும் கட்டடங்களையும் வாங்கி, மறுபடி சந்தைக்கு விடாமல், அயலவரின் பொதுச் சொத்தாக வைத்திருக்கும் அமைப்புகள் உங்களுடையவை. ஸ்காபரோவில் நாங்கள் குடியிருக்கும் ஆறு வீட்டுக் கட்டடம் விற்பனைக்கு வந்ததும், அதை வாங்கித் தரும்படி உங்களில் மூன்று அமைப்புகளிடம் நாங்கள் கேட்டதும் உங்களுக்குத் தெரியும். கட்டடம் கைமாறிவிட்டது. திருத்த வேலைக்காக வெளியேறும்படி, 120 நாள் அறிவித்தலைப் புதிய உரிமையாளர் ஒவ்வொரு கதவுக்குக் கீழாலும் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்.

கீழ் வீட்டு மாமிக்கு எழுபத்துமூன்று வயது. எப்போதும் வாடகையைக் கையில் காசாகவே கொடுத்து வந்தவர். சான்று வேண்டும் என்று உங்களில் ஓர் அமைப்பு கேட்டது. பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். இரவு முழுவதும் அவருடைய சமையலறை மேசையில் இருந்து அவற்றை மாதவாரியாகப் பிரித்தோம். மை மங்கியவற்றை விளக்கருகே பிடித்து வாசித்தார். 2011 மார்ச் சீட்டு மட்டும் கிடைக்கவில்லை. “நான் கட்டினேன் தம்பி, கட்டாமல் விடவில்லை” என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பத்தாம் நாள் பதில் வந்தது: எங்கள் தெரு அவர்களுடைய எல்லைக்குள் வராதாம்.

இரண்டாவது அமைப்பின் படிவம் வேறு. அதே டின்னை மறுபடியும் திறந்தோம். சபை அடுத்த மாதம்தான் கூடும் என்றார்கள். மூன்றாவது அமைப்பு, இருந்த பணம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது என்றது. மூன்று பதில்களும் பரிவாகவே எழுதப்பட்டிருந்தன. இருபத்தாறாம் நாள் கட்டடம் விலைப்பட்டது.

நாங்கள் கேட்பது இதுதான்: உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரே விண்ணப்பம், நீங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே கொள்வனவு நிதி.

காணி அயலவர் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே எல்லை வகுத்தீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வாங்கிய பிறகல்லவா நிர்வாகத்தை அயலவரிடம் விட வேண்டும்? வாங்குவதற்கு முன்பே எல்லை பார்த்தால், அயலவரே மிஞ்சமாட்டார்கள். பார்க்டேலிலும் கென்சிங்டன் சந்தையிலும் கட்டடங்களை வாங்கிக் காட்டியவர்கள் நீங்கள். அந்தத் திறமை ஸ்காபரோவுக்கு வந்து சேர ஏன் வழியில்லை?

மாநகரசபை 2021இல் தொடங்கிய கட்டடக் கொள்வனவுத் திட்டத்தின் பணத்துக்கு நீங்கள் தனித்தனியாக விண்ணப்பித்து, ஒருவரோடு ஒருவர் போட்டியிடுகிறீர்கள். ஆனால் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், பர்லிங்டன் நகரில் 1984இல் தொடங்கிய காணி அறக்கட்டளை, 2006இல் பக்கத்து வீடமைப்பு நிறுவனத்தோடு இணைந்து சாம்ப்ளெய்ன் வீடமைப்பு அறக்கட்டளையானது. மறுபக்கத்தையும் பாருங்கள். இந்த இயக்கத்துக்கே முன்னோடியாக 1969இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள் உருவாக்கிய ‘நியூ கம்யூனிட்டீஸ்’ அமைப்பிடம் ஏறத்தாழ 5,700 ஏக்கர் இருந்தது. வறட்சி வந்தது, அவசரக் கடன் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை, 1985இல் காணி முழுவதும் பறிபோனது. ஊர்க் காணியை ஊருக்கே பொதுவாக்கிய, இந்தியாவின் வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்திலிருந்தும் ஊக்கம் பெற்ற முயற்சி அது. அதைத் தாங்கிப்பிடிக்கும் நிலையில் அன்று வேறு அறக்கட்டளை இல்லை. இன்று ஒரே நகரில் பல இருந்தும் எங்களுக்கு அதே கதி.

குடியிருப்பவர் வெளியேறியதும் வாடகையை விரும்பியபடி உயர்த்தலாம் என்று 1998இல் ஒன்ராறியோ அரசு சட்டத்தைத் திறந்துவிட்டது. அதன் பிறகு எந்தக் கட்சி வந்தும் அந்தக் கதவை மூடவில்லை. வாடகைக் குடியிருப்பாளர் வெளியே போனால்தான் இலாபம் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். எங்கள் மாமி கொடுக்கும் வாடகைக்கு இந்த நகரில் இன்று ஓர் அறைகூடக் கிடைக்காது. அந்தக் கோபத்தை உங்கள்மேல் கொட்டுவது நியாயமில்லை, மன்னியுங்கள். சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. விண்ணப்பத்தையும் நிதியையும் ஒன்றாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

ஒரே விண்ணப்பம், ஒரே நிதி. அதோடு, இரண்டு வாரத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில். தயவுசெய்து உங்கள் சபைகள் ஒரே மேசையில் கூடி இதை முடிவு செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருக் கோடியில் இருக்கும் எட்டு வீட்டுக் கட்டடத்தின் முன்னால் நேற்று விற்பனைப் பலகை நாட்டியிருக்கிறார்கள். யாரிடம் போக வேண்டும் என்று அங்கிருப்பவர்கள் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முகவரி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாடகைக் குடியிருப்பாளர் ஒருவர்