ஜூட்லாந்து நாளிதழ்க் கட்டு முழுசாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி

1916 ஜூன் 3 நாளிதழ் ஒன்று பல வருடமாக என்னிடம் இருக்கிறது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜூட்லாந்து கடற்போர் மே 31 தொடங்கி ஜூன் 1 விடியும்வரை நடந்தது. ஜூன் 2 மாலை பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை விட்ட அறிக்கையை அந்த இதழில் அப்படியே போட்டிருக்கிறார்கள். குவீன் மேரி, இன்டிஃபாடிகபிள், இன்வின்சிபிள் என்று மூழ்கிய தங்கள் போர்க்கப்பல்களை ஒளிக்காமல் அடுக்கிவிட்டு, எதிரிக்கு என்ன ஆனது என்று வரும்போது மட்டும் தயங்குகிற அறிக்கை அது, தனியாகப் படித்தால் தோல்விச் செய்தியேதான். அடுத்த நாள்களின் இதழ்களையும் சேர்த்துப் படித்தால்தான் தொனி மாறுவது பிடிபடும். ஜெர்மனியும் தன் போர்க்கப்பல் லுட்சோ மூழ்கியதை ஜூன் 7 வரை மூடித்தான் வைத்திருந்தது. அந்த அடுத்த நாள்களுக்காகத்தான் இத்தனை வருடம் அலைந்தேன்.

முதல் நன்றி, 1805 நவம்பர் 7 லண்டன் டைம்ஸ் இதழ் கிடைத்துவிட்டது என்று நான் குதித்தபோது, "பணம் கொடுத்துவிடாதே, முதலில் காகிதத்தைப் பார்" என்று நிறுத்திய அண்ணனுக்கு. டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டன் வென்ற செய்தி வந்த அந்த இதழுக்கு மறுபதிப்புகள் ஏராளம். அசல் கந்தல்துணிக் கூழில் செய்த தாள், என் கையில் இருந்ததோ பழுப்பேறி நொறுங்கும் மரக்கூழ்த் தாள். சரி, வெட்கம்தான், ஆனால் பணம் தப்பியது.

1914 பிரிட்டிஷ் நாளிதழ்களில் ஆடேஷியஸ் போர்க்கப்பல் மூழ்கிய செய்தியை நான் தேடித் தேடி ஓய்ந்தபோது, "தேடாதே, இருக்காது" என்று சிரித்த பேராசிரியருக்கும் நன்றி. அக்டோபர் 27இல் கண்ணிவெடியில் போன கப்பலை, போர் முடிந்த பிறகு 1918 நவம்பர் 14இல்தான் ஒப்புக்கொண்டார்கள்!

அப்புறம், கிழிசலில் நான் ஒட்டியிருந்த செலோடேப்பைப் பார்த்துத் திட்டிய ஆவணக் காப்பாளர் அக்கா. மடிப்பை இஸ்திரி போட்டு நீவலாமா என்று வேறு கேட்டுவைத்தேன், அதற்குத் தனித் திட்டு. இப்போது எல்லாம் மடிக்காமல், அமிலமில்லாத உறைக்குள், வெளிச்சம் படாமல் படுத்திருக்கின்றன.

கடைசியாக, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஜூன் 5 முதல் 8 வரையிலான இதழ்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்ற அம்மாவுக்கு. ஏழாம் தேதி இதழில் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்னரின் சாவு ஜூட்லாந்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. இறந்த அதிகாரிகள் பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறதம்மா, கவனித்தீர்களா? போட்டது யாரென்று வீட்டில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அதை நான் அழிக்கவில்லை.