ஆள்குறைப்பில் கழிக்கப்பட்டவர்களின் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய ஆங்கிலக் கொள்ளைப் படங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், 1960இல் பேசில் டியர்டன் இயக்கத்தில் பிரிட்டனில் வெளியான ‘தி லீக் ஆஃப் ஜென்டில்மென்’ படத்துக்கு அதில் இரண்டே வரிகள் கிடைத்திருந்ததும், அதுவும் ‘விறுவிறுப்பான வங்கிக் கொள்ளைக் கதை’ என்பதோடு முடிந்துவிட்டதும் எனக்கு வருத்தம் அளித்தன. ராணுவத்தில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். போர் முடிந்த பின் தன் அதிகாரிகளை நாடு என்ன செய்தது என்பதைப் பேசும் படமாகவே இதைப் பார்க்கிறேன்.

நள்ளிரவில் லண்டன் தெரு ஒன்றில் பாதாளச் சாக்கடையின் மூடியைத் தூக்கிக்கொண்டு, விருந்துக்குரிய உடையில் ஒருவர் வெளியே வந்து ரோல்ஸ் ராய்ஸ் காரில் ஏறிச் செல்வதில் படம் தொடங்குகிறது. அவர்தான் லெப்டினன்ட் கர்னல் ஹைட். 25 ஆண்டுகள் உழைத்தவரை, இனித் தேவையில்லை என்று படை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர், பாதியாக வெட்டிய ஐந்து பவுண்டு நோட்டுகளையும் ஒரு குற்றக்கதை நாவலையும் முன்னாள் அதிகாரிகள் ஏழு பேருக்கு அனுப்பி, மதிய விருந்துக்கு அழைக்கிறார். அந்த ஏழு பேரின் கடந்த காலத்திலும் ஏதேனும் ஒரு கறை இருக்கிறது. ஒருவர் பாதிரியார் வேடத்தில் ஏமாற்றிப் பிழைக்கிறார். வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பணியில் இருந்த இன்னொருவர், பணி நேரத்தில் குடித்திருந்ததால் தம் ஆட்களைப் பறிகொடுத்தவர்.

இந்தக் கதை வெறும் கற்பனையில் முளைத்ததன்று. 1957 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, சுமார் 6,90,000 ஆக இருந்த படைபலத்தை 1962 இறுதிக்குள் 3,75,000 ஆகக் குறைப்பதாகவும், கட்டாய ராணுவச் சேவையை நிறுத்துவதாகவும் அறிவித்தது. ஜான் போலண்டின் மூல நாவல் அதற்கு அடுத்த ஆண்டே வந்தது. எனவே, ஹைட் சொல்லும் ‘ஆள்குறைப்பு’ என்ற சொல், அன்று திரையரங்கில் அமர்ந்திருந்த பலருக்குத் தம் குடும்பத்தில் கேட்ட சொல்லாகவே இருந்திருக்கும்.

கட்டுரையாளர் முற்றிலும் விட்டுவிட்ட ஒன்று, ஹைட்டாக நடித்த ஜாக் ஹாக்கின்ஸின் முகம். 1953இல் ‘தி க்ரூயல் ஸீ’ படத்தில் கடமை தவறாத கப்பல் தலைவராகவும், 1957இல் இலங்கையில் படமாக்கப்பட்ட ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தில் மேஜர் வார்டனாகவும் மக்கள் பார்த்துப் பழகிய முகம் அது. அதே முகம், அதே நிமிர்ந்த நடையோடு வங்கியைக் கொள்ளையடிக்கத் திட்டம் தீட்டும்போது, பார்ப்பவர் மனம் கலங்காமல் இருக்க முடியாது.

எட்டுப் பேரும் ஹைட்டின் வீட்டில் ஒன்றாகத் தங்குகிறார்கள். அங்கே படைமுகாமின் ஒழுங்கு மீண்டும் வருகிறது. விதி மீறினால் அபராதம். ஆயுதங்களுக்காக ஒரு ராணுவப் பயிற்சி முகாமுக்குள் நுழைந்து, சமையற்கூடத்தை ஆய்வு செய்ய வந்த மேலதிகாரிகளைப் போல நடித்து, சாப்பாட்டைக் குறை கூறிக்கொண்டே கிடங்கைக் காலி செய்கிறார்கள். பார்க்கும்போது சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால், தொலைத்த வாழ்க்கை ஒரு நாளுக்குத் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சி அவர்கள் முகங்களில் தெரிகிறது. பணம்கூட அவர்களுக்கு அதன் பிறகுதான் என்று எனக்குப் பட்டது.

குற்றவாளி தப்பக் கூடாது என்ற அக்காலத் திரை வழக்கப்படி அவர்களும் பிடிபடுகிறார்கள். காவல் துறையின் கூர்மதியாலும் அன்று, உள்ளிருந்தவரின் துரோகத்தாலும் அன்று; கார் எண்களைக் குறித்து வைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு சிறுவனின் குறிப்பேட்டால். கடைசியாக ஹைட் காவல் வேனில் ஏற்றப்படும்போது, மற்றவர்கள் அங்கே முன்னரே அமர்ந்திருக்கிறார்கள். தலைவரும் படையும் மீண்டும் ஒரே இடத்தில்.

இத்தகைய படங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, இந்தப் படத்துக்குத் தனிக் கட்டுரையே ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
வேலூர்.