கோனும் குருத்தோலையும்

ஊத்துக்குளி
வைகாசி 22

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாளாயிற்று. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் நங்கையாளுக்குக் காலில் அடி என்று தாக்கல் வந்து, பெருந்துறைக்கும் இங்கேயுமாக ஒரே அலைச்சல். இப்போது தேவலை, தடி ஊன்றி நடக்கிறாள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அது உனக்கே தெரியும்.

நீ எழுதியதில் இரண்டு சங்கதி என் மனசிலேயே நிற்கிறது. உன் மாமியாருக்கு ஆனியில் 80 முடிகிறது, பேரன் பேத்திகள் எல்லாம் சேர்ந்து ‘தீம் பார்ட்டி’தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், அலங்காரக்காரர் ஒருவர் ‘வின்டேஜ் தீம்’ என்று சொல்லி 45,000 ரூபாய் கேட்டார் என்பது ஒன்று. இன்னொன்றைக் கடைசி வரியில், முகவரி எழுதுவதற்கு முன்னால் இடம் மிச்சமிருந்ததால் எழுதினாற்போல் எழுதியிருந்தாய்: வாடல் நோய் கண்ட நாற்பது தென்னையை வெட்டப் போகிறீர்கள் என்று. இரண்டுக்கும் பேச்சு இருக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூத்தைக் கேள்.

சித்திரையில் பேரனுக்கு ஐந்து முடிந்தது. டைனோசர் வேண்டும் என்றுவிட்டான். மருமகள் போனில் பார்த்துப் பேசி வைத்தது பதினெட்டாயிரம்: பலூன் வளைவு, பிளாஸ்டிக் கொடி, ஃபிளெக்ஸ். பிளாஸ்டிக் கொடியெல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது அம்மிணி, அந்தப் பட்டியலை யாரும் படிப்பதே இல்லை. பத்து நாளும் ஆயிரம் ரூபாயும் கொடு, நான் செய்கிறேன் என்றேன். “ஏம்மா, இது உங்க பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் கண்காட்சி இல்லீங்கம்மா” என்றான் மகன். முப்பது வருசம் தையல் டீச்சராக இருந்தவளுக்கு இதைவிட உசுப்பேற்ற ஒரு வார்த்தை வேண்டுமா? என் வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தபடி, “தீமைக் கையில எடுத்துட்டாளாக்கும்” என்றார். தீம் என்ற சொல்லோடு ஒரு ‘ஐ’ சேர்ந்தால் என்ன ஆகிறது பார். அன்றையிலிருந்து இந்த வீட்டில் அந்தச் சொல் தீமைதான்.

நான் கடைக்குப் போகவில்லை. முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை, அப்புறம் இட்டேரி வண்டித்தடம் வழியாக ஒரு நடை. பக்கத்து நிட்டிங் கம்பெனியில் நூல் தீர்ந்த காகிதக் கோன் மலையாய்க் கிடந்தது. கேட்டேன், ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி. அட்டாலிப் பரணில் இரண்டு பை பனியன் வேஸ்ட், மகன் கட்டிங் டேபிளில் இருந்து கால்மிதி பின்ன வேண்டும் என்று நான் வாங்கி வைத்தது. இட்டேரியில் காய்ந்த பனைமட்டை. இதையெல்லாம் பரப்பிப் பார்த்தபோதுதான் டைனோசர் எனக்குத் தெரிந்தது. கோனை நீளவாக்கில் வெட்டிப் பச்சை அடித்தால் அதுதான் முதுகு முள். கோனை முழுசாகக் கவிழ்த்து, வாயில் சிவப்பு பனியன் துணியைத் திணித்தால் எரிமலை. பனைமட்டைக் கருக்கு இருக்கிறதே, அதைப் போலப் பல் எந்தக் கடையிலும் கிடைக்காது. (கருக்கு ரம்பம் மாதிரி கையை அறுக்கும். நானே வெட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டினேன்.)

இந்த இடத்தில்தான் என் கட்சியைச் சொல்ல வேண்டும். தீமை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குப் பொருள் தேடிப் போவதுதான் முட்டுவழிச் செலவை ஏற்றுகிறது. கையால் செய்வது மலிவு என்பார்கள். எங்கே மலிவு? கோயமுத்தூர் கடைக்குப் போய் மினுக்குக் காகிதம், ரிப்பன், ஃபோம் ஷீட் என்று வாங்கி வந்து கையால் செய்தால் அலங்காரக்காரர் கேட்டதில் பாதி அதிலேயே போய்விடும், முதுகுவலி தனி. நம் ஊரில் சும்மா கிடப்பது எது என்று பார்த்து, அது என்னவாக மாறும் என்று யோசித்தால்தான் மலிவு. பேரன் டைனோசர் கேட்டது என் அதிர்ஷ்டம், கோனுக்கு முள் பொருந்தியது. அவன் கப்பல் கேட்டிருந்தால் திண்டாடியிருப்பேன்.

பனியன் வேஸ்ட்டில் ஒரு வித்தை உண்டு. சிங்கிள் ஜெர்சி என்கிற சாதா பனியன் துணியை அகலவாக்கில் ஓர் அங்குல நாடாவாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஓர் இழு இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி உருண்டுகொள்ளும். இரட்டைப் பின்னலான ரிப் துணியும் இன்டர்லாக்கும் சுருளாது, தட்டையாகவே நிற்கும். ஆகையால் ஜெர்சி கொடி ஆயிற்று, ரிப் இலை ஆயிற்று. பிள்ளைகளுக்கு இழுக்கும் வேலையைக் கொடுத்தேன். தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் மூன்று சாயங்காலம் இழுத்துத் தள்ளினார்கள். வீடு முழுக்கக் காட்டுக்கொடி.

மஞ்சள் கதையும் கேள். வெள்ளைத் துணியை ஈரோட்டு மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவிட்டுச் சாயம் ஏற்றினேன். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் வெளுத்துப்போகும்தான், ஆனால் ஒரு நாள் விசேஷத்துக்கு ஒரு நாள் நிறம் போதாதா? காயப்போட்ட துணியை, சோப்புப் போட்ட கையைச் சரியாகக் கழுவாமல் ஒரு வாண்டு பிடித்துவிட்டது. பிடித்த இடம் அப்படியே சிவந்து ஐந்து விரலும் விழுந்தது. ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் சோப்பும் செய்கிறது. அழப் போன பிள்ளையைக் கொஞ்சி, மற்ற பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்து, எல்லோர் கைக்கும் சோப்புத் தண்ணீர் தொட்டு, ஒரு முழுத் துணி நிறையக் கை பதித்தோம். எலுமிச்சைச் சாறு பட்டால் சிவப்பு திரும்ப மஞ்சளாகிவிடும். அதையும் கண்டுபிடித்து ஒருத்தன் இன்னொருத்தன் கையை அழித்தான், அடிதடி. அந்தத் துணிதான் கேக் மேசைக்குப் பின்னால் தொங்கியது. வந்த ஒறம்பரை சனமெல்லாம் அதன் முன்னால்தான் போட்டோ எடுத்தார்கள், ஏழடி டைனோசரை விட்டுவிட்டு.

டைனோசர் என்ன ஆயிற்று என்று கேட்பாய். கோன் முள்ளை எல்லாம் இரட்டைப்பக்க டேப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். முன்கூடத்துச் சுவர் சுண்ணாம்பு அடித்தது. சுண்ணாம்புப் பொடிதான் டேப்பில் ஒட்டியது, டேப் சுவரில் ஒட்டவில்லை. முந்தின நாள் ராத்திரி பொத்து பொத்தென்று சத்தம். பேரன் ஓடி வந்து, “ஆத்தா, டைனோசருக்கு முதுகு கொட்டுது” என்கிறான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சாக்கு ஊசியும் சணலுமாக உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளையும் டைனோசரின் அட்டைப்பெட்டி உடம்போடு வைத்துத் தைத்தேன். நானே தையல்காரி, என் புத்தி ஏன் டேப்புக்குப் போயிற்று? தைப்பது, கட்டுவது, செருகுவது இந்த மூன்றையும் நம்பு. ஒட்டுவதை நம்பாதே. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மைதாப் பசை போதும். ஆனால் போஸ்டர்காரர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், பிள்ளைகள் புழங்கும் பொருளில் அது கூடாது, விஷம்.

மொத்தச் செலவு 870 ரூபாய், கேக் தவிர. அதில் பாதி பெயின்ட்.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். போன வருசம் கோயமுத்தூரில் ஒரு மண்டபத்தில் உறவுக்காரர் பேத்திக்குப் பிறந்தநாள், ‘கிராமத்து தீம்’. வாடகை மாட்டுவண்டி, தெர்மாகோலில் கிணறு, அதற்கு ஒரு ராட்டினம். அந்த வீட்டு அப்பிச்சிக்கு ஆயுசெல்லாம் கிணறு வெட்டிய கை. அவரைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மனுசன் எட்டிப் பார்த்துவிட்டு, “எத்தனை அடில தண்ணி கண்டீங்க?” என்றார். போட்டோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. உன் மாமியாருக்கு 45,000 ரூபாயில் வருகிற பழைய ரேடியோவும் பொய்க் கிராமபோனும் யாருடைய பழசு? அந்த அம்மா வாழ்நாளில் கிராமபோனைத் தொட்டிருப்பாரா?

அவர் தொட்டதெல்லாம் அந்தத் தோப்பு. கல்யாணமாகி வந்த புதுசில் வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி எழுப்பிய மரம் என்று நான் ஆனைமலைக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டுவாரே, அந்த மரங்கள்தானே இப்போது ஓலை விறைப்பில்லாமல் விலா எலும்பு போல் வளைந்து நிற்பது? வாடலுக்கு மருந்தில்லை, பூச்சி பரப்புகிறது, வெட்டுவதைத் தவிர வழியில்லை என்று இந்தப் பக்கமும் பேசிக்கொள்கிறார்கள். வெட்டத்தான் போகிறீர்கள். அதை விசேஷத்துக்கு முந்தின இரண்டு நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று உன் வீட்டுக்காரரைக் கேள். மரத்துக்கு இருபது மட்டை என்று வைத்தாலும் எண்ணூறு மட்டை. குருத்தோலைக்காக நல்ல மரத்தின் குருத்தில் கை வைக்க எனக்கு மனசு வராது, மரம் இளைத்துப்போகும். இங்கே அந்தக் கவலை இல்லை. அழுகல் இல்லாத குருத்தாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டிய மரத்தின் ஓலையை விசேஷத்தில் கட்டலாமா என்று யாராவது பெரிய மனுசி கேட்பாள். நீ பதில் சொல்லாதே, மாமியாரையே கேட்டுவிடு. அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடு. நான் பனியன் வேஸ்ட்டோடு வருகிறேன், வேறு ஏதாவது செய்வோம். சரி என்றால் வேலையை அவர் கையிலேயே கொடு. எண்பது வயசில் ஒரு பொம்பளையைச் சிங்காரித்து நாற்காலியில் உட்கார வைப்பதை விட, ஓலைத் தடுக்குப் பின்னத் தெரியாத பேரன்களைத் திட்டுகிற வேலையைக் கொடுத்தால் ரொம்பச் சந்தோசப்படுவார் என்று நினைக்கிறேன்.

ஆனிக் காற்றை மறந்துவிடாதே. பாலக்காட்டுக் கணவாய் வாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வாசலில் காகிதத் தோரணம் கட்டினால் ஒரு மணி நேரம் தாங்காது. சாரல் அடித்தால் கிரேப் பேப்பர் சாயம் வழிந்து எல்லோர் வேட்டியிலும் ஹோலிதான். வெளியே ஓலையும் துணியும் மட்டும், அதையும் இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டு. மட்டையை இரண்டாகப் பிளந்து தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் பின்ன வளைந்து கொடுக்கும், நாலு தடுக்குச் சேர்த்தால் பின்சுவர் ஆயிற்று. குருத்தோலையை மட்டும் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வை, விசேஷத்தன்று விடியக்காலம் கட்டு. முந்தின நாளே கட்டினால் காற்றில் ஓரம் கருகிவிடும். உட்கார உங்கள் கல்யாணத்துக்குப் பவானியில் வாங்கிய ஜமுக்காளம் இன்னும் இருக்கிறதல்லவா? அதன் சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் குருத்து மஞ்சளை வைத்துப் பார், எந்த அலங்காரக்காரரும் அந்த நிறத்தைக் கொண்டுவர முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஓலைக் காத்தாடி, பீப்பி, கிளி, கைக்கடிகாரம். ஏழாம் வகுப்பில் நான் செய்த கிளிக்கு வால் இல்லை என்று நீ வகுப்பு முழுக்கச் சிரித்தாயே, இன்றைக்கும் எனக்கு வால் வராது. கிளி உன் பொறுப்பு. நான் மஞ்சள் துணி கொண்டுவருகிறேன். நடுவில் உன் மாமியார் கை, சுற்றிலும் கொள்ளுப்பேரன் வரைக்கும் எல்லோர் கையும். சோப்புத் தண்ணீர் போதும், சுண்ணாம்பு அந்தத் தோலுக்கு வேண்டாம்.

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன். திருப்பூரில் பஸ் ஏறி பல்லடம், பொள்ளாச்சி வழி. இரண்டு பை வேஸ்ட்டும் கொஞ்சம் ஊத்துக்குளி வெண்ணெயும் இருக்கும், பொள்ளாச்சிப் பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்பு. சாக்கு ஊசி என்னிடம் இருக்கிறது. சணல் உங்களுக்கு எதற்கு, தேங்காய் நார்க் கயிறு அங்கேயே கிடக்கும்.

முதல் மரம் சாயும்போது குருத்தைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, தின்னத் தித்திப்பாக ஒரு துண்டு வருமே, அதைப் பிள்ளைகள் தீர்த்துவிடுவதற்குள் மாமியாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று எடுத்து வை.

இப்படிக்கு,
வாலில்லாக் கிளி செய்தவள்