கூகுள்ல வந்தவரெல்லாம் நம்ம புள்ளி ஆயிருவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

காரைக்குடிலேர்ந்து எழுதுறேன். இப்பல்லாம் நம்ம பக்கம் ஊர்ச் சங்கம், கோவில், பழைய மாணவர் மன்றம்னு ஆளாளுக்கு வெப்சைட் போட்டாச்சு, புள்ளிகளோட விவரம் (நகரத்தார் கோவில் கணக்குல கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி), வரி ரசீது எல்லாம் அதுலயே பாக்கலாம்னு வச்சிருக்காங்க, நல்ல விஷயம்தான். ஆனா ஓடிபி மட்டும்தான் வழின்னா சிங்கப்பூர், மலேசியால இருக்கிற நம்ம ஆளுக வெளியவே நிக்கிறாங்க, அந்த நம்பருக்கு எஸ்எம்எஸ் வரலாம், வராமலும் போகலாம். அதனால கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் லாகின்லயே உள்ள விட்றலாம்னு கமிட்டிகள்ல பேசுறாங்க. எனக்கும் அதுல சம்மதம்தான், எப்படிச் செய்றாங்கங்கறதுலதான் என் கவலையே.

பட்டன் வைக்கிறது பெரிய வேலை இல்லைங்க. கூகுள் பக்கத்துல நம்ம சைட்டப் பதிஞ்சு கிளையன்ட் ஐடி (சைட்டோட அடையாளம்), கிளையன்ட் சீக்ரெட் (அதோட ரகசியச் சொல்) வாங்கணும், லாகின் முடிஞ்சு திரும்பி வர வேண்டிய சைட் முகவரிய எழுத்துக்கு எழுத்து சரியாக் குடுக்கணும், கடைசில ஒரு சாய்கோடு கூடுனாலும் உள்ள விடாது. கூகுள் பக்கத்துல டெஸ்டிங் (சோதனை) நிலைன்னு போட்டு அப்படியே விட்டுட்டா நாம சேர்த்து வச்ச 100 பேருக்கு மேல யாரும் வர முடியாது, அப்புறம் எனக்கு மட்டும் வரலைன்னு ஆளாளுக்கு போன் பண்ணுவாங்க. பேஸ்புக் ஆப்புக்குள்ளயே லிங்க்கத் தொறந்தாலும் கூகுள் மறுத்துரும், வெளிய பிரவுசர்ல தொறக்கச் சொல்லணும். இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் என்னன்னா, லாகின் ஆனதும் கூகுள்லேர்ந்து நம்ம சைட்டுக்கு வர்ற டோக்கன், அதாவது அடையாளச் சீட்டு, சொல்றது "இந்த அக்கவுண்ட்காரர் வந்திருக்காரு"ங்கறத மட்டும்தான். அவரு நம்ம புள்ளியா, எந்தக் கோவில், வரி கட்டுனாரான்னு கூகுளுக்குத் தெரியாது, அது நம்ம பேரேடு சொல்ல வேண்டியது. கல்யாணத்துக்கு மாலை வந்தா அது எந்தக் கோவில்லேர்ந்து வந்துச்சுன்னு பாத்துத்தானே வாங்குறோம், அது மாதிரி டோக்கன யாரு குடுத்தா, நம்ம சைட்டுக்குன்னே குடுத்ததா, அதுல இருக்கிற டிஜிட்டல் கையெழுத்து சரியா, காலாவதி ஆயிருச்சான்னு நாலையும் பாக்கணும். நாலும் சரின்னாலும் புதுசா வந்தவர கமிட்டி ஒப்புதல் வர்ற வரைக்கும் வெறும் பார்வையாளரா வச்சிருங்க, லாகின் ஆனதுமே உறுப்பினர் ஆக்குறது தப்பு.

அடுத்தது இமெயில். நம்ம வீடுகள்ல ஐயா, ஆச்சி, அப்பச்சி எல்லாத்துக்கும் சேத்து வெளிநாட்டுல இருக்கிற மகன் ஒரே ஜிமெயில் போட்டுக் குடுத்திருப்பாரு, கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, ஆனா எல்லாப் புள்ளிக்கும் அதே மெயில்தான் பதிவாயிருக்கும். இதுல மெயில் ஒத்துப்போனா அக்கவுண்ட்ட இணைச்சிரலாம்னு செட்டிங் போட்டா யாரு ரசீது யாரு பேர்ல வரும்னு சொல்லுங்க பாப்போம். ஆப்பிள்ல வர்றவங்க மெயில மறைச்சுக்கலாம், அப்ப ஏதோ ஒரு மாத்து முகவரிதான் நமக்கு வரும், பழைய பதிவோட ஒத்தே போகாது. 2023ல மைக்ரோசாஃப்ட் லாகின்ல நோஆத்துன்னு ஒரு ஓட்டைய வெளில சொன்னாங்க, ஒருத்தன் மைக்ரோசாஃப்ட்ல தனக்குன்னு வச்சிருக்கிற டைரக்டரில (பயனர் பட்டியல்ல) அடுத்தவங்க மெயிலப் போட்டுக்கிட்டு, மெயில மட்டும் நம்புற சைட்டுகள்ல அவங்க அக்கவுண்ட்டுக்குள்ளயே போயிரலாமாம். அதனால இணைக்கிறதுக்கு மெயில நம்பக்கூடாது, டோக்கன்ல சப்னு ஒரு நிரந்தர ஐடி வரும், அதையும் அத யாரு குடுத்தாங்கறதையும் சேத்துதான் பேரேட்டுல வைக்கணும், கூகுளே அப்படித்தான் சொல்லுது.

கீகிளோக்னு இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு, எல்லா லாகினையும் ஒரே எடத்துல வாங்கி நம்ம சைட்டுக்குக் குடுக்கும். அதுல ட்ரஸ்ட் இமெயில்னு ஒரு சுவிட்ச் உண்டு, வர்ற மெயில சரிபார்க்காமலே நம்பிரும், வேலை சீக்கிரம் முடியணும்னு அத ஆன் பண்ணிட்டுப் போயிருவாங்க, ஆன் பண்ணாம அப்படியே விடுங்க அத. அதே மெயில்ல ஏற்கனவே அக்கவுண்ட் இருந்தா, நீங்கதானான்னு பழைய பாஸ்வேர்டோ மெயில்ல ஒரு லிங்க்கோ வச்சுக் கேக்குற முறை அதுல முதல்லேர்ந்தே இருக்கு, கூட்டு மெயில் வீட்டுக்கு மட்டும் அந்த லிங்க் போதாது, பாஸ்வேர்டையே கேக்கட்டும். ஆச்சிமாருக்கு அதுகூட கஷ்டம்னா சங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கிற கணக்குப்பிள்ளை ஒரு போன் போட்டு விசாரிச்சுட்டு இணைச்சு விடட்டும், என்ன கொறஞ்சிரப் போகுது.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். அந்த கிளையன்ட் ஐடிய சைட் போட்டுக் குடுக்கிற தம்பி தன்னோட சொந்த ஜிமெயில்லயே வாங்கி வச்சிருப்பாரு, நாளைக்கு அவரு சென்னைக்கு வேலைக்குப் போயிட்டா இல்ல அந்த அக்கவுண்ட்ட மூடிட்டா மொத்த ஊருக்கும் லாகின் நின்னுரும். சங்கத்துப் பேர்ல தனி அக்கவுண்ட் போட்டு, ரெண்டு பொறுப்பாளருக்கு அதுல உரிமை குடுத்து, அப்புறமா பாக்கிப் பணத்தக் குடுங்க. உங்க தொழில்நுட்பப் பக்கத்துல வாரா வாரம் புது போன் பத்தியே எழுதுறீங்க, ஒரு வாரம் இதையும் போட்டா கமிட்டிக்காரங்க படிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி