கொடிக்கம்பத்துக்கு ஒரு கடிதம்

டேய் கொடிக்கம்பம்,

நலம், நலமறிய ஆவல், எல்லாம் போட்டாச்சு. விஷயத்துக்கு வருகிறேன். சின்னவன் ஃபுட்பால் அகாடமி ஹாஸ்டலை விட்டு வந்துவிட்டான். லீவுக்கு இல்லை, பெட்டி, படுக்கை, பூட்ஸ் எல்லாவற்றோடும். ‘பையன் எப்படிடா ஆடுறான்’ என்று நீ கேட்டதற்கு நான் வாயே திறக்காமல் இருந்தது இதனால்தான். ‘ஜோரா ஆடுறான்’ என்று எழுதிவிடலாம், உன்னிடம் அப்படி எழுதக் கை வரவில்லை.

பதறாதே, அடிபடவில்லை. யாரும் அவனை மிரட்டவும் இல்லை, அதை முதலில் தனியாக உட்கார வைத்துக் கேட்டுவிட்டேன். சாப்பாடும் பரவாயில்லையாம். ராத்திரி விளக்கை அணைத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தூக்கம் வரவில்லை என்கிறான். பகலில் மைதானத்தில் இறங்கிவிட்டால் ஒன்றும் இல்லையாம், ரைட் விங்கில், வலது கோட்டோரம், பறக்கிறானாம், அதை அவன் கோச்சும் சொன்னார். டாக்டரிடம் காட்டினோம், இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, பதற்றம்தான் என்று சொல்லி ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். போய்க்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு வந்த ராத்திரி படுத்தவன் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான் தெரியுமா.

கருத்துச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்கிறார் என் அண்ணன். நம் பழைய டீம் லாரி போன் போட்டு ‘விங்கருக்கு நெஞ்சுத் துணிச்சல்தான்டா முதல்ல, அது இல்லேன்னா செஸ் கத்துக்கொடு’ என்று உபதேசம் செய்தான். நம் செமிஃபைனல் அன்று காலையில் லாரி எங்கே உட்கார்ந்திருந்தான், எவ்வளவு நேரம் வெளியே வராமல் உட்கார்ந்திருந்தான் என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்த நாக்கு நுனி வரை வந்தது, விட்டுவிட்டேன்.

அப்போதுதான் உன் ஆள் ஞாபகம் வந்தது. உன் ஆள் என்றால் நீ திட்டித் தீர்த்த ஆள். ஹேசுஸ் நவாஸ், ஸ்பெயின்காரன், ரைட் விங்கர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டியில் அவன் ஆடிய காலத்தில் நீ அனுப்பிய வசவுகளைத் தொகுத்தால் ஒரு புத்தகமே போடலாம். ‘விறுவிறுவென்று கோட்டோரம் ஓடுவான், கடைசியில் முதல் டிஃபெண்டர் முழங்காலில் கொண்டுபோய் அடிப்பான்.’ கொடிக்கம்பம் என்று பெயர் வாங்கியவன் இதைச் சொல்லலாமா என்று நான் அன்றைக்கே கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

சரி, இப்போது கேள். நவாஸ், ஸ்பெயினில் செவியா நகரிலிருந்து அதிக தூரமில்லாத லோஸ் பலாசியோஸ் என்ற ஊர்க்காரன். செவியா கிளப்பின் அகாடமியில் வளர்ந்து, பதினெட்டு வயது நிறைந்து இரண்டே நாளில், 2003 நவம்பர் 23 அன்று, எஸ்பான்யோலுக்கு எதிராக லா லிகாவில், அதாவது ஸ்பெயினின் முதல் டிவிஷனில், முதல் ஆட்டம் ஆடினான். ஒல்லிப்பிச்சான், காற்றடித்தால் விழுந்துவிடுவான் போல இருப்பான், ஆனால் பந்தைத் தள்ளிவிட்டு ஓட ஆரம்பித்தால் அவனை மடக்க நிற்கிற இடது பக்க டிஃபெண்டர்கள், லெஃப்ட் பேக்குகள், பாவம். அவனுக்குப் பின்னால் ரைட் பேக்காக டானி ஆல்வெஸ். ஒரே பக்கத்தில் இரண்டு பேர் அப்படி ஓடினால் எதிரணி யாரைப் பிடிக்கும்? 2006இல் ஐந்தோவனில் மிடில்ஸ்பரோவை 4-0 என்று அடித்து ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை, அடுத்த வருடமே கிளாஸ்கோவில் எஸ்பான்யோலைப் பெனால்டியில் வென்று மறுபடியும் அதே கோப்பை. இதெல்லாம் உனக்கும் தெரியும், நாம் சேர்ந்து பார்த்ததுதான்.

அப்போது நாம் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒன்று உண்டு. அந்தப் பையனால் வீட்டை விட்டு அதிக நாள் வெளியே இருக்க முடியாது. பதற்றம் வந்துவிடும். ஒரு ஆட்டத்துக்குப் போய்விட்டு வருவான், ஆனால் நாட்கணக்கில் முகாம் என்றால் முடியாது. ஸ்பெயினின் இளையோர் அணி முகாமிலிருந்து பாதியில் திரும்பியிருக்கிறான். செல்சி அவனை வாங்கப் பார்க்கிறது என்று பேச்சு எழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் நடக்கவில்லை. ‘பணத்தை வேண்டாம் என்கிற பைத்தியக்காரன்’ என்று லாரி சொன்னான், நாமும் சிரித்தோம். ஸ்பெயின் 2008இல் யூரோ ஜெயித்தபோது இவன் அதில் இல்லை. மெதுவாக, சிகிச்சை எடுத்துக்கொண்டு, கிளப்பும் அணிக்காரர்களும் பொறுத்துக்கொண்டு, 2009 நவம்பரில் அர்ஜென்டினாவுக்கு எதிராகத்தான் ஸ்பெயின் சட்டையை முதல்முறை போட்டான். எட்டு மாதம் கழித்து தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், தன் பாதி மைதானத்திலிருந்து பந்தைக் கொண்டு வலது பக்கமாக ஓடினானே ஒரு ஓட்டம், அதில் தொடங்கியதுதான் கடைசியில் இனியெஸ்டா காலில் கோலாக முடிந்தது.

இதைச் சின்னவனிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் ‘அப்ப அவருக்கும் மூச்சு முட்டுச்சாப்பா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்டோனியோ புவெர்டாவை மறந்திருக்க மாட்டாய். 2006 அரையிறுதியில் ஷால்கேவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் இடது காலால் அடித்தானே, அந்தக் கோல் இல்லை என்றால் ஐந்தோவனே இல்லை. அகாடமியிலிருந்து நவாஸோடு வந்தவன். 2007 ஆகஸ்டில் ஹெட்டாஃபேவுக்கு எதிரான ஆட்டத்தில் சரிந்து, மூன்று நாளில் போய்விட்டான், இருபத்திரண்டு வயது. ஏற்கெனவே பதற்றத்தோடு போராடுகிற ஒருவனுக்கு, கூட வளர்ந்தவன் மைதானத்தில் விழுந்து இறப்பதைத் தாண்டி வருவது எப்படி இருந்திருக்கும்? பிற்பாடு நவாஸ் செவியாவுக்குத் திரும்பியபோது போட்டுக்கொண்டது 16ஆம் எண் ஜெர்சி. புவெர்டாவின் எண்.

மான்செஸ்டர் கதைக்கு வருகிறேன், நீ காத்துக்கொண்டிருப்பாய். 2013 கோடையில் கிளப்புக்குப் பணமுடை, நவாஸையும் ஸ்ட்ரைக்கர் நெக்ரெதோவையும் சேர்த்தே சிட்டிக்கு விற்றார்கள். வீட்டை விட்டு நகர முடியாதவன் நான்கு வருடம் அங்கே இருந்தான். எனக்கு அதுவே பெரிய வெற்றி, நீ கோலை மட்டும் எண்ணுவாய். சரி, எண்ணு. பிரீமியர் லீகில் 123 ஆட்டம், 4 கோல், நான்கும் முதல் சீசனில். அதில் ஒன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 14 நொடியில் அடித்தது, அன்று 6-0. அப்புறம் மூன்று சீசன் லீகில் ஒரு கோல்கூட இல்லை. ஒப்புக்கொள்கிறேன், அந்த மூன்று வருடமும் உன் கட்சிக்கு நல்ல காலம். ஆனால் முதல் வருடமே பிரீமியர் லீக் பட்டம், 2014 லீக் கப் இறுதியில் சண்டர்லாண்டுக்கு எதிராகக் கோல், 2016 லீக் கப் இறுதியில் லிவர்பூலுக்கு எதிராகப் பெனால்டியைப் போட்டதும் இவன்தான். பெனால்டி அடிக்கக் கூப்பிட்டால் ஷூ லேஸ் கட்டக் குனிகிறவர்கள் நம் அணியில் யார் யார் என்று பட்டியல் போடட்டுமா?

விதியின் விளையாட்டைப் பார். இவன் இங்கிலாந்தில் முழங்கால் முழங்காலாகப் பந்தை அடித்துக்கொண்டிருந்தபோது செவியா 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று யூரோபா லீக் ஜெயித்தது, பழைய யூஈஎஃப்ஏ கோப்பைதான், பெயர் மட்டும் புதுசு. அவன் ஊர், அவன் கிளப், அவன் இல்லாமல்! நானாக இருந்தால் டீவியை உடைத்திருப்பேன்.

2017இல் திரும்பினான், முப்பத்தொன்று வயது. நம் எல்லோருடைய கணக்கிலும் முடிந்துபோன விங்கர். கால் வேகத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அந்த வயதுக்கு மேல் என்ன இருக்கிறது? ஆனால் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்தார்கள். சிட்டியின் கடைசி வருடத்திலேயே கோச் குவார்டியோலா சில ஆட்டங்களில் ரைட் பேக்காக நிறுத்திப் பார்த்திருந்தார். செவியாவில் விங் பேக், அப்புறம் லோபெத்தேகி கோச்சாக வந்ததும் முழு ரைட் பேக், கேப்டன். எனக்கு இதுதான் அவன் வாழ்க்கையிலேயே சுவாரசியமான இடம். விங்கராக இருந்தபோது பந்தை வாங்கும்போதே எதிரி முகத்துக்கு நேரே நிற்பான், ஓட இடம் இருக்காது. பின்னாலிருந்து வரும்போது மைதானம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால், ஓடி வருகிற வேகத்தோடு பந்து கிடைக்கிறது, முன்னால் ஆடுகிற நம் விங்கர் உள்ளே நகர்ந்தால் கோட்டோரம் மொத்தமும் காலி. அதே ஓட்டம், ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்புகிற அதே கிராஸ், தொடங்குகிற இடம்தான் வேறு. எதிரணி விங்கரை மடக்கும்போதும் அவன் அடுத்து என்ன செய்வான் என்பது இவனுக்குத் தெரியும், பதினைந்து வருடம் இவனே செய்த வேலை.

2020 யூரோபா அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்திய கோல், நவாஸ் கிராஸ், லூக் டி யோங் முடித்தான். கொலோன் நகரில் இன்டருக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் செவியாவின் முதல் கோல், மறுபடி நவாஸ் கிராஸ், டி யோங் தலை. 3-2, கோப்பை. 2023இல் லீகில் மூன்று கோச் மாறித் தத்தளித்த அதே சீசனில் புடாபெஸ்டில் ரோமாவுக்கு எதிராக இறுதி ஆட்டம், 1-0 பின்தங்கி நின்றபோது யார் கிராஸ் போட்டார்கள் என்று நினைக்கிறாய்? ரோமா டிஃபெண்டர் மஞ்சீனி அதைத் தன் வலைக்குள்ளேயே தள்ளினான். பெனால்டியில் ஜெயித்தார்கள். இந்த முறை டிஃபெண்டர் முழங்காலில் பட்டும் கோல்தான், எண்ணிக்கொள்.

இதற்கிடையில் 2018இலேயே கிளப், தன் இரண்டாம் அணி ஆடுகிற மைதானத்துக்கு அவன் பெயரை வைத்துவிட்டது. ஆடிக்கொண்டிருக்கும்போதே! பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் தன் பெயரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், கூச்சமாக இருக்காதா? முப்பத்தெட்டு வயதில் 2024 யூரோ அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக ரைட் பேக்காக இறக்கினார்கள், 2010 அணியில் மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். இடுப்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. ஆட்டம் முடிந்தால் நடக்க முடியவில்லை என்று அவனே சொன்னான். அந்த மே மாதம் கிளப்பை விட்டுப் போவதாக அறிவித்து, ஊரே கொந்தளித்து, சில நாளில் டிசம்பர் வரை ஆடட்டும், அதன்பின் ஆயுளுக்கும் கிளப்போடு இருக்கட்டும் என்று முடிவானது. டிசம்பர் 22 அன்று ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் கடைசி ஆட்டம், ரியல் மாட்ரிட் வீரர்கள் இரு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். 4-2 தோல்வி. செவியாவுக்காக மொத்தம் 705 ஆட்டம். யாரும் அதில் பாதிகூடத் தொட முடியாத அளவு என்று எழுதப் பார்த்தேன், நீ கணக்குக் கேட்பாய், விட்டுவிடுகிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எனக்கே ஒன்று உறுத்துகிறது. சின்னவனுக்கு இதைச் சொல்லி ‘பார்த்தாயா, நீயும் ஆகலாம்’ என்று முடித்துவிடலாம். ஆனால் நவாஸுக்கு வீட்டுப் பக்கத்திலேயே ஒரு செவியா இருந்தது. மூச்சு முட்டினால் அம்மா சமையலறைக்குப் போய்விட்டு மறுநாள் முதல் டிவிஷன் பயிற்சிக்கு வரலாம். எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்? அதே பதற்றத்தோடு ஹாஸ்டலிலிருந்து திரும்பி, பிறகு பந்தையே தொடாமல் போனவர்கள் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? நம் அணியிலேயே ஒருத்தன் இருந்தான், இடது கால்காரன், திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான், ‘பயந்தாங்கொள்ளி’ என்று நாம் எல்லோரும் முடித்துவிட்டோம். யாராவது வீட்டுக்குப் போய்க் கேட்டோமா? பெரிய மீசை மட்டும் ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், என்ன பேசினார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

அகாடமியில் அடுத்த சீசன் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள், நல்ல மனிதர்கள். என் மனைவி, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறாள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. இப்போதைக்கு வீட்டிலிருந்து போய்வருகிற மாதிரி ஒரு கிளப்பில் ஆடட்டும், வெளியூர் ஆட்டம் என்றால் ஒரு ராத்திரி, அப்புறம் இரண்டு ராத்திரி, ஆலோசகரும் அப்படித்தான் படிப்படியாகச் சொல்கிறார். அந்த முதல் இரண்டு ராத்திரி உன் வீடாக இருந்தால் எனக்கு நிம்மதி. நீ சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கிறாயே, மைதானத்தையும் பார்ப்பான். உன்னிடம் அவனுக்குப் பயம் கிடையாது, மரியாதையும் கிடையாது, இரண்டும் சேர்ந்து வசதிதான். பதற்றம் வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடலாம் என்று சொல்லி அனுப்புவேன், நீயும் அதற்கு முகம் சுளிக்காதே. துணிச்சல், ஆம்பளை, அது இது என்று லாரி பாஷையில் ஒரு வார்த்தை பேசினால் உன்னை விடமாட்டேன்.

இன்னொரு உபகாரம். அவனை ரைட் பேக்காகவும் ஒரு நாள் நிறுத்திப் பார். சொன்னால் முறைக்கிறான், ‘பேக் எல்லாம் ஓட முடியாதவன் ஆடுற இடம்’ என்கிறான். எங்கே கற்றான் என்று எனக்குத் தெரியும், அந்தப் பேச்சு உன் வாயிலிருந்து வந்தது, நீயே திருத்து.

முடியும், முடியாது எதுவானாலும் சீக்கிரம் எழுது. கட்டைவிரல் படம் போட்டு அனுப்பாதே, எந்த வாரம் என்று தேதி வேண்டும்.

உன்,
ஆஃப்சைடு