ஓடையில் உப்பு எங்கிருந்து வந்தது?

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓடைக்கரை நெடுக உப்புப் பூத்துக் கிடக்கிறது. மலையில் பனி உருகி வரும் நல்ல தண்ணீர் கீழே வருவதற்குள் எப்படி உப்புத் தண்ணீர் ஆகிறது, யாராவது கழிவைக் கலக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவளிடம் கேட்டால் இப்படித்தான் நீளும்.

நீ இருக்கும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பிரைஸ் ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், புல் முளைக்கவே தயங்கும் மேடுகள் இருக்கின்றனவே, அவை மான்கோஸ் ஷேல். களிமண் இறுகி ஏடு ஏடாகப் பிளக்கும் பாறை. வட அமெரிக்காவின் நடுவே கடல் கிடந்த காலத்தில், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், அதன் அடியில் படிந்த சேறுதான் இப்படி ஆகியிருக்கிறது. சின்ன வயதில் உன்னைப் பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊருக்குக் கூட்டிப் போனோமே, அந்தக் களிமேடுகளும் ஏறக்குறைய அதே காலத்துக் கடல்படிவுதான். நீ அங்கே பொறுக்கிய பளபளப்பான தகடு ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட் என்ற உப்பு. உன் ஊர்ப் பாறையில் இருக்கும் உப்பிலும் பெரும்பங்கு அதுவே.

கடல் உப்பு அப்படியே பாறைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துவிடாதே. பாதிக் கதைதான் அது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட் உண்டானது. இன்று பாறை உடைந்து காற்றும் ஈரமும் பட்டதும் பைரைட்டிலிருந்து கந்தக அமிலம் வருகிறது. அந்த அமிலம் அதே பாறையிலுள்ள சுண்ணாம்பைத் தின்று ஜிப்சம் ஆகிறது. ஆக, உப்பு இப்போதும் அங்கே புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் களிமண்ணின் வேலை. கடலில் கிடந்தபோது பிடித்துவைத்த சோடியத்தை அது இன்னும் விடவில்லை. ஜிப்சம் கரைந்து கால்சியம் வந்தால், அதை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தண்ணீரில் விடும். கால்சியம் குறைந்ததும் இன்னும் கொஞ்சம் ஜிப்சம் கரைய இடம் கிடைக்கும். ஜிப்சம் தனியாக என்றால் ஒரு லிட்டரில் இரண்டரை கிராம் அளவில் நின்றுவிடும். உன் ஓடை அதற்கும் மேலே காட்டினால் சோடியமும் மக்னீசியமும் கூடச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். நாக்கில் வைத்துப் பார்க்காதே. மக்னீசியம் சல்பேட் அந்தக் காலத்தில் பேதிக்குக் கொடுத்த உப்பு.

இத்தனை உப்பு இன்னும் மிச்சம் இருப்பதற்குக் காரணம் வறட்சி. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர்கூடத் தேறாத மழை மேல்மண்ணை மட்டும் நனைக்கும். வெயில் ஏறியதும் அந்த ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே வந்து, உப்பை விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். நீ படம் பிடித்த வெள்ளை அதுதான். அடுத்த இடிமழையின் முதல் தண்ணீர் அதை வாரிக்கொண்டு ஓடையில் இறங்கும். கூடவே கரை சரிந்து விழும். அப்படி விழுந்த புதுச் சேறு ஓடையில் மிதந்து போகும்போதும் உப்பு கரைந்துகொண்டேதான் இருக்கும். மழையில்லாத மாதங்களில் கசிவு நீர் மட்டும் மெல்ல ஓடும். ஷேலை நெடுநாள் தொட்டுக் கிடந்த தண்ணீர் என்பதால் லிட்டர் கணக்கில் பார்த்தால் அது கடும் உப்பு. பனி உருகும் நாட்களில் லிட்டருக்கு உப்பு குறைவு, ஆனால் தண்ணீர் ஏராளம். அதனால் ஒரு நாள் எடுத்த அளவை வைத்து ஓடையைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

உன் கழிவுச் சந்தேகத்துக்கு வருகிறேன். உன் ஓடைத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் கொலராடோ ஆற்றுப் படுகையின் உப்பில் ஏறக்குறைய பாதி இயற்கையாகச் சேர்வது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாசனத்தால் வருவது என்பது அங்கே பரவலாகச் சொல்லும் கணக்கு. ஆனால் இந்தப் பிரிவினையில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. வாய்க்காலில் கசிந்து ஷேலுக்குள் இறங்கிய தண்ணீரும் அதே உப்பைத்தான் எடுத்து வருகிறது. மழை போகாத ஆழத்துக்கு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோனது மனிதன். இதைப் புரிந்துகொண்டுதான் 1974-இல் உப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள். பக்கத்துக் கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் ஊர்ப் பக்கம் வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் பூசியதும் குழாய் பதித்ததும் அந்தக் கணக்கில்தான். அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் மெக்சிகோ விவசாயிகள் உப்புத் தண்ணீரால் பட்ட பாடு இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

தண்ணீரில் உப்பை அளக்கும் உன் மீட்டர் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பாதே. அது கரைந்த உப்பை எடைபோடுவதில்லை. மின்கடத்தலை அளந்து ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சல்பேட் மிகுந்த தண்ணீருக்கு அந்தப் பெருக்கல் எண் கூடுதலாக இருக்கவேண்டும். இல்லையென்றால் இருக்கும் உப்பைக் குறைத்துத்தான் சொல்லும். முடிந்தால் ஒரு லிட்டர் எடுத்து, வடிகட்டி, ஆவியாக்கி எடை பார். மலையடிவாரத்தில் ஒன்று, ஷேல் மேட்டைத் தாண்டி ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் எடு. வானம் இருட்டினால் ஓடைக்குள் இறங்காதே. மேலே எங்கோ பெய்த மழைக்குக்கூட இங்கே வெள்ளம் வரும். பாட்டிலில் இடமும் நேரமும் எழுதி ஒட்டு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா