வாத்துக் குளத்துடன் கூடிய உயர்மேடை முறிந்தது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: மேடையின் நடுச்சட்டங்கள் முறிந்தமை, தங்கள் முதல் பதிலை ஏற்க இயலாமை, பணத்தைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வீட்டின் பின்புறத்தில் ஆறு வாத்துகளை வளர்த்துவரும் நான், அவற்றுக்காகத் தங்கள் நிறுவனத்தின் உயர்மேடைத் தொகுப்பை வாங்கினேன். மரச்சட்டங்கள், பலகைகள், குளத்துக்கான ரப்பர் விரிப்பு, பம்ப், ஃபில்டர், ஏறுபலகை ஆகியவை அடங்கிய இத்தொகுப்பு வாத்துகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்று பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தது. கையேட்டில் கண்டபடி இரண்டு நாள் உழைத்து மேடையைப் பொருத்திக் குளத்தை நிரப்பினேன். மூன்றாம் நாள் இரவு நடுச்சட்டங்கள் இரண்டு முறிந்து, குளம் ஒருபுறமாகச் சரிந்து, நீர் முழுவதும் கொட்டிப்போயிற்று. வாத்துகள் அந்நேரம் கூண்டில் அடைபட்டிருந்தன. பகல் வேளைகளில் அவை நிழலுக்காக ஒதுங்குவது அந்த மேடையின் அடியில்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

என் முதல் கடிதத்துக்குத் தாங்கள் அனுப்பிய பதில் இரண்டே வரிகளில் முடிந்திருந்தது: தரை சமமாக இல்லாததால் தூண்கள் அமிழ்ந்திருக்கும், எனவே பொறுப்பு வாடிக்கையாளருடையது என்பதே அதன் சாரம். நேரில் வந்து பார்க்காமல் எழுதப்பட்ட இந்த முடிவை நான் ஏற்கவில்லை. மேடை சரிந்த மறுநாள் மட்டக்குழாய் வைத்துப் பார்த்தபோது தூண்களின் தலைகள் அனைத்தும் ஒரே மட்டத்தில் இருந்தன; ஒன்றுகூட அமிழவில்லை. முறிந்த சட்டங்கள் இரண்டிலும் விரிசல் நட்டநடுவில், அடிப்பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கிச் சென்றிருக்கிறது. தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமையை ஏற்றிய மரம் அடிப்பக்க நார்கள் இழுபட்டு அப்படித்தான் பிளக்கும் என்பதை எந்தத் தச்சரும் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். படங்களை இணைத்துள்ளேன்.

உண்மையான காரணம் தங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. குளத்தை 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பும்படி அதன் 3ஆம் பக்கம் கூறுகிறது. மேடை சதுர மீட்டருக்கு 200 கிலோ வரை தாங்கும் என்று 11ஆம் பக்கம் கூறுகிறது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் நீர், ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் 450 கிலோவாக அழுத்தும். அதாவது தாங்களே விதித்த வரம்பைப்போல் இரண்டேகால் மடங்கு. குளத்தின் நீளம் 1.8 மீட்டர், அகலம் 1.2 மீட்டர் என்பதால் மொத்த நீர் 972 லிட்டர், ஏறத்தாழ ஒரு டன். ரப்பர் விரிப்பு, பலகைகள், ஆறு வாத்துகள், அவற்றுக்குத் தீனி வைக்க மேலே ஏறும் மனிதர் என எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. மனிதர்கள் நடமாடுவதற்கான மேடையை எடுத்து, அதன் மீது ஒரு குளத்தை வைத்து விற்றிருக்கிறீர்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது. குளத்தின் அடி செங்கல் அல்லது கான்கிரீட் கட்டைகள் வழியாக நேரே தரையில் அமர்ந்து, மேடை அதைச் சுற்றி மட்டும் அமையும்படி செய்திருந்தால், உயரமும் குறைந்திருக்காது, சட்டங்களின் மேல் நீரின் சுமையும் விழுந்திருக்காது.

மேடை நின்றிருந்த மூன்று நாள்களிலேயே வேறு குறைகளும் தெரிந்தன. பலகைகளின் மேற்பரப்பு இழைக்கப்படாமல் சிலாம்புகளுடன் இருந்தது. வாத்தின் உள்ளங்கால் தோல் மென்மையானது. சிறு கீறல் வழியே கிருமி புகுந்தாலும் பாதம் வீங்கிச் சீழ்க்கட்டியாகிவிடும் என்பதால், பலகை முழுவதையும் நானே உப்புத்தாள் கொண்டு தேய்க்க நேர்ந்தது. துத்தநாகம் பூசிய சிறு வாஷர்கள் சில தளர்ந்து பலகையின் மேல் கிடந்தன. பளபளப்பாக எதைக் கண்டாலும் கொத்தி விழுங்கிவிடும் பறவைக்குத் துத்தநாகம் நஞ்சு என்பது, வாத்துகளுக்கென்றே வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

பம்பைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன். அலங்கார மீன் தொட்டிக்குப் போதுமான அந்த ஃபில்டர், எச்சமும் சேறும் இறகும் கலந்த வாத்துக் குளத்து நீரில் இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டது. அடிப்பக்க வடிகுழாய் 20 மில்லிமீட்டர் விட்டமே உடையதாக இருப்பதால், ஒரு பிடி புல் போதும் அதுவும் அடைபட. வாத்துக் குளத்தை வைத்திருப்பவர் ஃபில்டரை நம்பியிருப்பதைவிட நீரை அடிக்கடி முழுவதுமாக இறக்கி மாற்றுவதே வழக்கம். குளத்தை உயரத்தில் வைப்பதற்கே முதல் காரணம், நீர் தானாக வடிந்து செடிகளுக்குப் போய்ச்சேரும் என்பதுதான். அந்த ஒரு பயனையும் இந்தக் குழாய் கெடுத்துவிட்டது.

ஆகவே, தொகுப்பின் முழு விலையையும் திரும்பத் தருமாறும், முறிந்த பொருள்களைத் தங்கள் செலவிலேயே எடுத்துச் செல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுச் சட்டங்கள் அனுப்புவதாகத் தாங்கள் முன்வந்தால் அதை ஏற்க மாட்டேன். அதே அளவுள்ள சட்டங்கள் அதே நீரின் கீழ் மறுபடியும் முறியும். இதே தொகுப்பை வாங்கியுள்ள மற்றவர்களுக்கு, நீரின் ஆழத்தை உடனே குறைக்கும்படியும், மேடைக்கு அடியில் குழந்தைகளையோ வாத்துகளையோ விட வேண்டாம் என்றும் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். என் பணத்தைவிட இதற்கே முதலிடம் தருமாறு வேண்டுகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்துவடிவில் பதிலை எதிர்பார்க்கிறேன். முறிந்த சட்டங்களைத் தங்கள் தரப்பினர் வந்து பார்வையிடும் வரை, நனையாத இடத்தில் அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீதின் நகல், கையேட்டின் 3, 11ஆம் பக்கங்களின் நகல்கள், முறிந்த சட்டங்களின் படங்கள்.